கோக்கி வேலைக்கா பிள்ளையைப் படிக்க வைத்தோம்?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு அக்காவின் கேள்வி இது. மகன் உயர்தரம் எழுதிவிட்டான், பெறுபேறு சுமார். ஹோட்டல் குசினியில் வேலை பழகப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். "கோக்கி வேலைக்கா இவ்வளவு காலம் படிக்க வைத்தோம்" என்று தகப்பன் இரண்டு கிழமையாக அவனோடு கதைப்பதில்லை. இதற்கிடையில் தனியார் கல்லூரி ஒன்று முகாமைத்துவ டிப்ளோமாவுக்குப் பல லட்சம் கேட்கிறது. சமையல் பழகுவதா, முகாமைத்துவம் படிப்பதா, இந்தத் தொழிலில் எதிர்காலம் இருக்கிறதா?

அக்கா, இப்போதைக்கு யாருக்கும் காசு கட்டாதீர்கள். பிள்ளையை மூன்று மாதம் ஒரு குசினியில் நிற்க விடுங்கள். படிப்பைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். ஏன் சொல்கிறேன் என்றால், நான் வந்த வழி அது.

2003இல் உங்கள் வெள்ளவத்தையிலேயே ஒரு சைவக் கடையில்தான் சேர்ந்தேன். காலை நாலரைக்கு அரவை மெஷினைக் கழுவுவது முதல் வேலை. மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல கை. எதையும் நிறுக்க மாட்டார். துவரம்பருப்புக்கு ஒரு பழைய பால்மா டின், உப்புக்குக் கை, புளிக்குக் கண். கேட்டால் "பார்த்துப் பழகு தம்பி" என்பார். எனக்குப் பார்த்துப் பழக வரவில்லை. அதனால் ஒருநாள் அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அந்த டின் நிறையப் பருப்பை மரக்கறித் தராசில் வைத்துப் பார்த்தேன். முக்கால் கிலோவுக்குக் கிட்ட வந்தது. அவர் கையால் அள்ளும் உப்பை ஒரு தாளில் கொட்டச் சொல்லி அதையும் நிறுத்தேன். மூன்று நாள் நிறுத்ததில் மூன்று நாளும் ஏறக்குறைய ஒரே நிறை. அந்தக் கை அப்படி. எல்லாவற்றையும் சுவரில் தொங்கிய கலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

ஆவணியில் அவர் நல்லூர்த் திருவிழாவுக்குப் போனார். போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம், ஆறு வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போகிறார், சும்மா வருவாரா? இருபத்தைந்து நாளும் நின்றார். முதலாளி கொண்டுவந்த வேறொரு ஆளின் சாம்பாரை இரண்டாம் நாளே சனம் குறை சொல்லத் தொடங்கிவிட்டது. மூன்றாம் நாள் கலண்டரைக் கழற்றிக்கொண்டு போய்க் காட்டினேன். அன்று பின்னேரம் சாம்பார் பழையபடி வந்தது. அடுத்த மாதத்திலிருந்து சாமான் அறைச் சாவி என்னிடம் இருந்தது. சமையலில் நான் அப்போதும் மோசம்தான். இன்றைக்கும் என் தோசை வட்டமாக வராது.

சமையலா முகாமைத்துவமா என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் அந்தக் கலண்டர்தான். இரண்டையும் இரண்டு தொழிலாக வெளியில் இருப்பவர்கள்தான் பார்க்கிறார்கள். குசினிக்குள் நிற்பவர்களில் நிறுத்து எழுதுகிறவன் மேலே போகிறான். நிறுக்காதவன் எவ்வளவு நல்ல கைகாரனாக இருந்தாலும் அந்த அடுப்படியிலேயே நிற்கிறான். என் மாஸ்டர் கடைசிவரை மாஸ்டராகவே இருந்தார்.

கணக்கைக் கொஞ்சம் விளக்குகிறேன், தகப்பனுக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஒரு கடையில் நாளொன்றுக்கு 80 சிக்கன் கொத்து போகிறது என்று வையுங்கள். கல்லில் நிற்கும் பெடியன் நல்லவன், தாராள மனம், ஒவ்வொரு தட்டிலும் 60 கிராம் இறைச்சி கூடப் போடுகிறான். ஒரு நாளைக்கு 4.8 கிலோ. முப்பது நாளைக்கு 144 கிலோ. இறைச்சி கிலோ 1,200 ரூபா என்று போட்டால் 1,72,800 ரூபா. அந்தப் பெடியனின் சம்பளத்தைவிடக் கூட. யாரும் களவெடுக்கவில்லை, யாரும் சாமானைக் கீழே கொட்டவில்லை, ஆனாலும் மாதம் முடிய முதலாளி தலையில் கைவைக்கிறார். ஒரு நூறு கிராம் கரண்டி வாங்கிக் கொடுத்தால் தீருகிற பிரச்சினை.

இறாலும் அப்படித்தான். பேலியகொடை மீன் சந்தையில் தலையோடு கிலோ 2,000 ரூபாவுக்கு வாங்கினால், தலை, கோது, நரம்பு எல்லாம் எடுத்த பிறகு கையில் நிற்பது ஏறக்குறைய அரைக் கிலோ. ஆக உங்கள் பொரியலுக்குள் போகும் இறாலின் உண்மையான விலை கிலோ 4,000. இதைத் தெரியாமல் மெனுவில் விலை போட்டு மூடிய கடைகளை நான் கண்டிருக்கிறேன். மாதத் தொடக்கத்தில் இருந்த சரக்கு, அதோடு வாங்கியது, அதிலிருந்து மாதக் கடைசியில் மிஞ்சியது கழித்தால் செலவான சரக்கு வரும். அதை விற்பனையால் வகுத்தால் எங்கள் தொழிலில் ஃபூட் கொஸ்ட் என்கிற வீதம். பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகள் அதை 30 சொச்ச வீதத்துக்குள் வைத்திருக்கப் பாடுபடுகின்றன. டிப்ளோமாவில் இதற்கு ஒரு முழுப் பாடமே உண்டு. ஆனால் ஒரு கிலோ இறாலைத் தன் கையால் உரித்துத் தராசில் வைத்த பிள்ளைக்கு அரை மணித்தியாலத்தில் விளங்கிவிடும்.

சரி, ஹோட்டல் குசினி எப்படி இருக்கும்? பட்டாளம் மாதிரி. நூறு வருடத்துக்கும் மேலாக முன்பு எஸ்கோஃபியே என்கிற பிரெஞ்சுக்காரர் அடுக்கி வைத்த படிநிலைதான் கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் இன்றுவரை ஓடுகிறது. அடியில் பாத்திரம் கழுவும் ஸ்டுவர்ட், பிறகு ட்ரெய்னி, கொமி (அதிலேயே மூன்று, இரண்டு, ஒன்று என்று படி), டெமி, ஒரு பகுதிக்குப் பொறுப்பான சிடிபி, அதற்கு மேல் சூ செஃப், உச்சியில் எக்ஸிகியூட்டிவ் செஃப். சூடான குசினி, குளிர் குசினி, இறைச்சி வெட்டும் அறை, பேஸ்ட்ரி, பேக்கரி என்று பகுதிகள். வெட்டும் பலகைக்கும் நிறம் இருக்கிறது: பச்சை இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், சலாதுக்குப் பச்சை. மாற்றி எடுத்தால் வாங்கிக் கட்டவேண்டியதுதான். டிவியில் காட்டுவது போல ஒருவர் தனியாக நின்று தட்டு அலங்கரிப்பதெல்லாம் பத்து வருடத்துக்குப் பிறகு. முதல் வருடம் வெங்காயம், மரக்கறி, முட்டை, திரும்பவும் வெங்காயம்.

என் பெரிய பிழை ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டல். நான் கொமி. மறுநாள் மத்தியானம் கல்யாணம் ஒன்று, ஃப்ரைட் ரைஸுக்கு முதல்நாள் இரவே சோறு வடித்து வைக்கவேண்டும். நாற்பது கிலோ அளவில் சோறு. களைப்பு, கடைசி பஸ்ஸை விட்டுவிடுவேன் என்ற பயம், தட்டங்களில் பரப்பாமல் பெரிய கிடாரத்தோடே கூல் ரூமுக்குள் தள்ளிவிட்டுப் போய்விட்டேன். காலையில் மேல் சோறு ஐஸ் போல இருந்தது. நடுவில் கையை விட்டால் இளஞ்சூடு. லேசாகப் புளித்த வாசம்.

5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமி வேகமாகப் பெருகும். சூடான சாப்பாட்டை இரண்டு மணித்தியாலத்துக்குள் 21 பாகைக்கும், அடுத்த நாலு மணித்தியாலத்துக்குள் 5 பாகைக்கும் இறக்கவேண்டும். சோற்றில் வரும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதியிலும் சாகாது, அது விடும் நஞ்சு திரும்பப் பொரித்தாலும் போகாது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் செஃப் சொல்லிக் கொடுத்தார், சத்தம் போடாமல். நாற்பது கிலோவையும் என்னை வைத்தே கொட்டினார். பிறகு கழிவுப் புத்தகத்தை எடுத்து, பொருள், நிறை, காரணம், பெயர் என்ற நாலு நிரலையும் என் கையாலேயே நிரப்பச் சொன்னார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றேன். "பஸ்" என்று எழுதினேன். அவர் சிரித்துவிட்டார். அடுத்த கிழமை இரவு வேலைக்காரருக்கு வான் ஓட ஏற்பாடு செய்ததும் அவர்தான். முகாமைத்துவம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த வான்தான் நினைவுக்கு வரும்.

பஸ் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இந்தத் தொழிலில் வீட்டாருக்கு முதலில் கசக்கப்போவது நேரம்தான். பத்து மணியிலிருந்து மூன்று, பிறகு ஆறிலிருந்து பதினொன்று என்று உடைத்துப் போடும் டியூட்டி பல இடங்களில் உண்டு. இடையில் இருக்கும் மூன்று மணித்தியாலத்தை என்ன செய்வது? காலி முகத்திடலில் காற்று வாங்கலாம், எத்தனை நாளைக்கு? நீங்கள் காலி வீதிப் பக்கம் இருப்பது பெரிய வசதி, 100, 101 பஸ்கள் ஓடும் பாதை. ஆனாலும் இரவு பதினொன்றுக்குப் பிறகு அவையும் குறைவு. தைப்பொங்கல், தீபாவளி, வருடப்பிறப்பு, நத்தார், எல்லோரும் வெளியில் சாப்பிடும் நாள்தான் உங்கள் மகனுக்கு வேலை நாள். என் தங்கையின் கல்யாணத்துக்கு நான் போனது சாப்பாட்டுப் பந்தி முடிந்த பிறகு.

சம்பளம். அடிப்படைச் சம்பளத்தைக் கேட்டதும் தகப்பன் நிச்சயமாக ஒரு வசனம் சொல்வார், சொல்லட்டும். 2026 ஜனவரியிலிருந்து சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. தொடக்கத்தில் வரும் அடிப்படை அதைவிட வெகு தூரம் போகாது. ஹோட்டலில் உண்மையான வருமானம் சேர்விஸ் சார்ஜ். பில்லில் சேர்க்கும் 10 வீதத்தை ஒரு பொதியாகச் சேர்த்து, பதவிக்கு இத்தனை புள்ளி என்று பிரித்துக் கொடுப்பார்கள். வெளிநாட்டுக்காரர் நிறையும் மார்கழி, தை மாதங்களில் அது அடிப்படையைத் தாண்டிப் போகும். வைகாசியில் கண்ணீர் வரும். அதனால் சேருமுன் கேட்கவேண்டியவை: சேர்விஸ் சார்ஜ் ட்ரெய்னிக்கும் உண்டா, எத்தனை புள்ளி? ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதி போடுகிறார்களா? பிள்ளையின் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் ஈ.டி.எஃப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். "முதல் வருடம் போட மாட்டோம்" என்று சொல்லும் கடைக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியில் வந்துவிடலாம். ஒரு கடை எனக்கு இரண்டு வருடம் பிடித்த காசைக் கட்டவே இல்லை. தொழில் திணைக்களத்துக்கு நான் நடந்த நடை தனிக் கதை.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று, ஆனால் எங்கள் வீடுகளில் கட்டாயம் வரும்: சைவக் குடும்பத்துப் பிள்ளை மாட்டிறைச்சி தொடவேண்டி வருமா? பெரிய ஹோட்டலில் வரும். ருசி பார்க்கவும் வேண்டி வரும். முடியாது என்றால் வெட்கப்படாமல் நேர்முகத்திலேயே சொல்லலாம். பேஸ்ட்ரி, பேக்கரிக்குப் போனால் அந்தப் பிரச்சினை ஏறக்குறைய இல்லை. நல்ல பேஸ்ட்ரிக்காரனுக்கு எப்போதும் கிராக்கி, வேலையும் பெரும்பாலும் விடியற்காலை தொடங்கிப் பின்னேரத்தோடு முடியும். கேட்டது மகளாக இருந்திருந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டியிருப்பேன். கொழும்பில் தரமான சைவச் சமையலுக்கென்றே கடைகள் இருக்கின்றன, பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் நீங்களே சாப்பிட்டிருப்பீர்கள். அங்கு நல்ல மாஸ்டர்கள் வயதாகிப் போகிறார்கள், இடத்துக்கு ஆள் இல்லை.

இப்போது படிப்பு. அரசாங்கத்தின் இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம் கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலேயே இருக்கிறது. 1964இல் சிலோன் ஹோட்டல் ஸ்கூல் என்று தொடங்கியது. பழைய ஆட்கள் இன்றும் ஹோட்டல் ஸ்கூல் என்றுதான் சொல்வார்கள். சமையல், பேஸ்ட்ரி, பரிமாறல் ஆகியவற்றில் சான்றிதழ்ப் பாடநெறிகளும், நீண்டகால முகாமைத்துவ டிப்ளோமாவும் உண்டு. கண்டி, பண்டாரவளை, அனுராதபுரம், கொக்கல ஆகிய இடங்களிலும் கிளைகள். என் முதல் தெரிவு அது. அங்கு இடம் கிடைக்காவிட்டால் நைட்டா என்கிற பயிலுனர் அதிகாரசபை வழியாக ஹோட்டலில் வேலை செய்துகொண்டே பயிற்சி எடுக்கலாம்.

எங்கு படித்தாலும் கடைசியில் கையில் வரும் தாளில் என்.வி.கியூ. மட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய தொழிற்தகைமை, ஒன்றிலிருந்து ஏழு வரை: நாலாம் மட்டம் முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளி, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். படிக்காமல் வேலை பழகியவர்களும் தம் அனுபவத்தைப் பரீட்சித்துக் காட்டி அந்தச் சான்றிதழை எடுக்கலாம். நான் நாலாம் மட்டத்தை அப்படித்தான் எடுத்தேன், பன்னிரண்டு வருட வேலைக்குப் பிறகு. அந்தத் தனியார் கல்லூரிக்கு நேரில் போய் மூன்றே மூன்று கேளுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா? ஒரு அடுப்புக்கு எத்தனை மாணவர்? கடைசித் தொகுதிப் பிள்ளைகள் எந்த ஹோட்டல்களில் பயிற்சிக்குப் போனார்கள்? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழும்பி வந்துவிடுங்கள். கோட் சூட் போட்ட பிள்ளைகளின் படம் அச்சடித்த கையேட்டைக் காட்டி மயக்குவார்கள், அதில் ஒரு பிள்ளையின் கையிலாவது எண்ணெய் சுட்ட தழும்பு தெரிகிறதா பாருங்கள்.

முகாமைத்துவத்துக்கு வேறு வாசல்களும் உண்டு. பரிமாறும் பக்கமாக வெயிட்டர், கெப்டன், சுப்பர்வைசர் என்று ஏறலாம். கேஎஃப்சி, பீட்சா ஹட் போன்ற தொடர்க்கடைகளில் எல்லாமே எழுதிவைத்த முறைப்படி நடக்கும், கெட்டிக்காரப் பிள்ளை சில வருடத்திலேயே ஷிஃப்ட் மேனேஜர் ஆகலாம். சமையல் பழக அது இடம் இல்லை, ஆட்களை மேய்க்கப் பழக நல்ல இடம். கணக்கில் பிடிப்பு இருந்தால் கொள்வனவு, ஸ்டோர்ஸ், கொஸ்ட் கண்ட்ரோல் என்று நான் போன பாதை.

சிங்களம் தெரியுமா அவனுக்கு? வெள்ளவத்தைப் பிள்ளைக்கு ஓரளவு தெரிந்திருக்கும், போதாது. வெள்ளிக்கிழமை இரவு பிரிண்டரில் ஆர்டர் துண்டு மாலை மாலையாக இறங்கும்போது "இக்மன்ட மல்லி" (கெதியா தம்பி) என்று வரும் சத்தத்துக்குக் கை ஓடவேண்டும், மூளை மொழிபெயர்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் வரும் மலையகப் பெடியன்கள் மூன்று மொழியிலும் சமாளித்துக்கொண்டு கெதியாக ஏறிப்போவதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். எழுத ஆங்கிலம் வேண்டும், இலக்கணம் பிழைத்தால் பரவாயில்லை, நிறையும் அளவும் பிழைக்கக்கூடாது.

எதிர்காலம் பற்றி உத்தரவாதம் தரமாட்டேன். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களில் குண்டு வெடித்தது, அடுத்த வருடம் கொரோனா, 2022இல் காஸ் இல்லை. நான் பொறுப்பாக இருந்த கடையின் பின்வளவில் மூன்று கல் வைத்து விறகில் சோறு ஆக்கி விற்றோம். அந்தக் காலத்தில் தேர்ந்த ஆட்கள் மாலைதீவுக்கும் கட்டாருக்கும் துபாய்க்கும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அதனால்தான் இன்று புதுப் பெடியன்களுக்கு வழமையைவிடக் கெதியாக இடம் கிடைக்கிறது, கற்றுக்கொடுக்க மூத்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். உங்கள் மகனும் ஐந்தாறு வருடத்தில் வெளிநாடு கேட்பான். போகட்டும், ஆனால் அனுமதிப்பத்திரம் உள்ள முகவரா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்துவிட்டு. அவர்களின் தொலைபேசி இலக்கம் 1989. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்கிறவனை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

தகப்பனுக்கு இரண்டு பேரைச் சொல்லுங்கள். பப்ளிஸ் சில்வா, 1950களில் மவுண்ட் லவினியா ஹோட்டல் குசினிக்குள் அடிமட்ட வேலைக்குப் போய் அதே ஹோட்டலின் தலைமைச் செஃப் ஆனவர். தர்ஷன் முனிதாச, அமெரிக்காவில் கணினிப் பொறியியல் படித்துவிட்டு வந்து சமையலில் இறங்கியவர். கோட்டையில் பழைய டச்சு மருத்துவமனைக் கட்டடத்தில் 2011இல் அவர் தொடங்கிய மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்களின் பட்டியலில் பல தடவை வந்தது. எல்லோரும் அப்படி வருவார்கள் என்று சொல்லவில்லை. என்னைப் போல மூன்று கடைக்குக் கணக்குப் பார்க்கும் ஆளாக வந்தாலும் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஓடும்.

ஆகவே திங்கட்கிழமை, உங்களுக்குத் தெரிந்த ஒரு கடை முதலாளியிடம் கேட்டு, காலை நேரத்துக்கு மூன்று மாதம் விடுங்கள். செருப்போடு அனுப்பவேண்டாம், வழுக்காத மூடிய சப்பாத்து ஒன்று வாங்கிக் கொடுங்கள். டைபாய்ட் ஊசியைப் போட்டு அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும். பேனை வேண்டாம், ஈரக் கையில் மை கரைந்துவிடும்.